ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னாய்

செந்தில்,

அம்மா எழுதுகிறேன், தமிழில்தான். இங்கே டில்லியில் பூசா ரோட்டுப் பள்ளியில் எட்டாவது வரை நீ படித்த தமிழ் இன்னும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தால் கூட்டியே படி, அவசரம் ஒன்றும் இல்லை. முடியாத இடத்தில் நித்யாவிடம் கொடு. திருச்சியில் வளர்ந்த பெண், உன்னைவிட வேகமாகப் படிப்பாள். இந்திக் காற்றிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இத்தனை நீளமாகத் தமிழில் எழுதுகிறாளே என்று உன் அப்பா சிரிக்கிறார். எனக்கு இங்கிலீஷில் ஆபீஸ் குறிப்புதான் எழுத வரும். இதை அப்படி எழுத முடியாது.

போன வாரம் முகூர்த்தப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க நானும் நித்யாவும் கரோல் பாக் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். திரும்பி வரும்போது அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "அத்தை, அவருக்கு மனசுல எதாவது இருந்தா வீட்ல உக்காந்து பேசவே மாட்டேங்கறார். வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு கார்ல ஏத்திடறார். ரோட்டப் பாத்துக்கிட்டேதான் எல்லாத்தையும் சொல்றார். என் மூஞ்சியப் பாக்காம சொல்றாரேன்னு எனக்கு ஒரு மாதிரி இருக்கு." நான் சிரித்துவிட்டேன். "அதுக்கு நான்தாம்மா காரணம். பெறகு சொல்லுதேன்" என்றேன். ஆட்டோ வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்யாணம் முடிந்ததும் நீங்கள் புனேக்குப் போய்விடுவீர்கள். அதற்கு முன்னால் அந்தக் கோடைகாலத்தைப் பற்றி, நாம் இருவரும் அதன்பிறகு ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசாத அந்தக் கோடைகாலத்தைப் பற்றி, எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மெட்ரோவுக்காகப் பூசா ரோட்டை நடுவில் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. நீ கல்லூரியில் மூன்றாம் வருஷம். பரீட்சை நடந்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். "என்னய்யா, பரீட்சை?" என்று கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றாய். அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு அப்போது விசாகப்பட்டினத்தில் வேலை. வீட்டில் நாம் இருவர் மட்டும். நான் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போதும் படுத்திருப்பாய், வரும்போதும் படுத்திருப்பாய். மேஜையில் வைத்துவிட்டுப் போன தோசை அப்படியே விறைத்துக் கிடக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஹாஸ்டலில் உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த சந்தீப், தன் ஊரான கர்னாலுக்கு பைக்கில் போகும்போது நெடுஞ்சாலையில் விழுந்துவிட்டான், சாலையில் கிடந்த மணலில் சறுக்கிவிட்டது, கால் எலும்பு பல இடங்களில் நொறுங்கிவிட்டது. சிநேகிதனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று பயந்துபோயிருக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா போனில் தினமும் கேட்பார், "ஏளா, அவன் வாயத் தெறந்தானா?" என்று. "இல்ல" என்பேன். "நான் லீவு போட்டு வரட்டா?" என்பார். வேண்டாம் என்பேன். நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

உன் அமெரிக்கச் சித்தப்பா அந்த மாதம் லீவில் வந்தபோது, நீ எப்போதோ கேட்டு வைத்திருந்த ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பச்சைப் பலகை, சின்னச் சின்ன உதிரிகள் போட்ட பிளாஸ்டிக் பைகள். இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று தானே முடிவு செய்யும் கம்ப்யூட்டர், உதிரிகளை நாமே ஈயத்தால் பற்றவைத்துச் செய்துகொள்ள வேண்டியது என்று அவரிடம் நீ சொன்னாய். கல்லூரியிலிருந்து வந்ததற்குப் பிறகு நீ பேசிய முதல் நீளமான வாக்கியம் அது. மறுநாள் என்னிடம் வந்து, "அம்மா, உன் வண்டிய எடுத்துக்கட்டுமா? கார்புரேட்டர எடுத்துட்டு இத மாட்டிப் பாக்கறேன்" என்று கேட்டாய்.

அந்த வெள்ளை வண்டி எனக்கு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நாற்பது வயதுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். ஆபீசில் என்னோடு சேர்ந்த பெண்கள் ஒருத்தருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. ஆனால் நான் ஓட்டும் வேகத்தைப் பார்த்து மொத்தக் காலனியும் சிரித்தது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். சைக்கிள் ரிக்ஷாக்காரன்கூட ஒருமுறை என்னைத் தாண்டிப் போயிருக்கிறான். பதினைந்து வயதில் நீ என்னோடு அதில் ஏறவே வெட்கப்பட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வாய். அப்படிப்பட்ட வண்டியைக் கேட்டாய். உன் கண்ணில் ஏதோ உயிர் இருந்தது. "எடுத்துக்கோய்யா" என்றேன். அப்பா போனில் கத்தினார், "நீ ஆபீசுக்கு எதுல போவ?" என்று. "பஸ்லதான், முன்ன போகலயா?" என்றேன்.

அந்தக் கோடை முழுக்க நான் பஸ்ஸில் போனேன். ஜூன் மாத டில்லி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது என்ன சுகம் என்று கேட்காதே. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே பானெட்டுக்குள் குனிந்திருக்கும் உன் முதுகு தெரியும். மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, இதே இன்ஜினில் பிற்காலத்தில் வந்த பெட்ரோல் பீய்ச்சும் ஊசிகளையும் பம்பையும் தேடிக் கொண்டுவந்தாய். புகைக்குழாயில் ஓர் ஓட்டை போட்டு, அதில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, விரல் நீளத்துக்கு ஒரு சென்ஸாரைத் திருகினாய். சாப்பிட உட்கார்ந்தால் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருக்கும். முதல்முறையாக உன் அழுக்குக் கையைப் பார்த்து நான் திட்டவில்லை. இரண்டு தோசை வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

வண்டி ஓடத் தொடங்கியது. ஓடியதே தவிர, இருமிக்கொண்டும் உதறிக்கொண்டும் ஓடியது. ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்து நின்றாய். "அம்மா, நாளைக்கு நீ ஓட்டணும்." எனக்குப் புரியவில்லை. நீயே ஓட்டுவாயே என்றேன். "நான் லேப்டாப் பாக்கணும்மா. ஓட்டறவங்க ஒரே வேகத்துல ஓட்டணும். மிதிக்கவும் கூடாது, விடவும் கூடாது. என் ஃப்ரெண்ட்ஸ் எவனாலயும் முடியாது, எல்லாரும் ரேஸ் ஓட்டுவானுங்க. உன்னாலதான் முடியும்" என்றாய். நான் கார் ஓட்டுவதை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஞாயிறு விடிகாலையில் ஜெய்ப்பூர் ரோட்டில் போனோம். இரவல் வாங்கிய லேப்டாப் உன் மடியில். அதிலிருந்து ஒரு கம்பி டேஷ்போர்டுக்கு அடியில் போனது. திரையில் கட்டம் கட்டமாக எண்கள். ஒவ்வொரு கட்டமும் இன்ஜினின் ஒரு வேகத்துக்கும் ஒரு சுமைக்கும் உரியது, அந்தக் கட்டத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதுதான் அந்த எண் என்று சொல்லிக் கொடுத்தாய். "அது சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "அதுக்குத்தாம்மா அந்த சென்ஸார். எரிஞ்சு வெளிய போற புகைல ஆக்சிஜன் மிச்சம் இருக்கான்னு அது பாக்கும். மிச்சம் இருந்தா பெட்ரோல் பத்தல, அதுக்குப் பேர் லீன். மிச்சமே இல்லன்னா பெட்ரோல் ஜாஸ்தி, அது ரிச். பூஜ்யத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் காட்டும், பாதிக்கு மேல காட்டினா ரிச், கீழ காட்டினா லீன். நடுவுல ஆடிக்கிட்டே இருந்தா அந்தக் கட்டம் சரியாயிடுச்சுன்னு அர்த்தம்." நாற்பதில் பிடி என்பாய், பிடிப்பேன். ஐம்பதில் பிடி என்பாய், பிடிப்பேன். சுமை வேண்டும் என்றால் ரிட்ஜ் ரோட்டு ஏற்றத்தில் அதே வேகத்தில் ஏறச் சொல்வாய். நீ எண்ணைக் கொஞ்சம் கூட்டுவாய், கொஞ்சம் குறைப்பாய். உதறல் ஒவ்வொரு வாரமும் குறைந்தது. "இவ்ளோ ஸ்டெடியா யாராலயும் ஓட்ட முடியாதும்மா" என்றாய். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைத் தாண்டிப் போனார்கள். நான் யாரையும் சட்டை செய்யவில்லை.

ஒரு ஞாயிறு மானேசர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். நாற்பத்தைந்தில் பிடித்திருந்தேன். திரையைப் பார்த்தபடியே நீ பேச ஆரம்பித்தாய், என்னிடம் பேசுகிறாயா உனக்குள்ளேயே பேசிக்கொள்கிறாயா என்று முதலில் தெரியவில்லை. "சந்தீப் மணல்ல சறுக்கி விழலம்மா" என்றாய். அவன் பைக்கில் நீயும் அவனுமாகச் சேர்ந்து காற்று வடிகட்டியை மாற்றினீர்களாம். புதியது நிறையக் காற்று விடும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும், அதற்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை பெரிதாக உள்ள ஜெட் போட வேண்டும். "நான் காதால கேட்டேன்மா. சத்தம் சரியா இருக்குன்னு சொன்னேன். ஜெட் மாத்த வேண்டாம்னு நான்தான் சொன்னேன்." பெட்ரோல் போதாமல் நெடுந்தூரம் முழு வேகத்தில் ஓடினால் அந்த மாதிரி இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் இறுகிப்போகும், பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும் என்று சொன்னாய். "அப்படித்தான் ஆயிருக்கும். எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது." ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தவனை ஒருமுறை எட்டிப் பார்த்தது, அதன்பிறகு போகவே இல்லை, போன் வந்தால் எடுப்பதில்லை, பரீட்சை எழுத உட்கார்ந்தால் தாளில் எழுத்தே தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாய்.

ஓரமாக நிறுத்தி உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனால் நிறுத்தினால் நீயும் நிறுத்திவிடுவாய் என்று ஏதோ ஒன்று எனக்குச் சொன்னது. அதனால் காலை அசைக்கவில்லை. நாற்பத்தைந்திலேயே போய்க்கொண்டிருந்தேன். நீ முடித்த பிறகும் கொஞ்ச தூரம் போய்த்தான் கேட்டேன், "சந்தீப்கிட்ட சொன்னியாய்யா?" என்று. இல்லை என்று தலையாட்டியதைப் பக்கவாட்டில் பார்த்தேன். நித்யாவுக்கு இதைச் சொல்: அவன் உன் முகத்தைப் பார்க்காமல் பேசுவது உன்னைப் பிடிக்காததால் இல்லை. மிகக் கஷ்டமான ஒன்றைச் சொல்ல அவனுக்கு முதன்முதலில் வாய் திறந்தது அப்படித்தான். கொஞ்ச நாள் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் உனக்கும் ஒன்று சொல்கிறேன். கேட்கிறவர்களுக்கும் சில சமயம் முகம் வேண்டும். வண்டியை எப்போதாவது நிறுத்தவும் பழகு.

ஏன் அந்த சென்ஸாரை அப்படித் தவம்போலப் பார்த்தாய் என்று எனக்கு அதன்பிறகுதான் புரிந்தது. காது பொய் சொல்லிவிட்டது, அளவு பொய் சொல்லாது என்று நம்பினாய். அதனால்தான் அடுத்து நடந்தது உன்னை அப்படி உடைத்துவிட்டது.

சென்ஸாரின் பேச்சைக் கேட்டுக் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி செய்திருந்தாய். அந்த வாரம் அப்பாவும் ஒருவழியாக லீவு போட்டு வந்திருந்தார், பின் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் எனக்கு மூக்கில் நெடி ஏறியது. "பெட்ரோல் வாடை வருதுய்யா" என்றேன். "இல்லம்மா, லீன்னுதான் காட்டுது. இன்னும் கேக்குது, கம்ப்யூட்டர் கூட்டிக்கிட்டே இருக்கு" என்றாய். வண்டி மந்தமாக இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை. அப்பாவுக்குக் கண் எரிந்தது. "ஏலே, நிறுத்தச் சொல்லு" என்றார். "நம்பர் அப்படிச் சொல்லலப்பா" என்றாய், குரல் உடைந்து. நான் நிறுத்திவிட்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாய். கரிபிடித்து ஈரமாக இருந்தது. இன்ஜின் பெட்ரோலில் முழுகிக்கொண்டிருந்தது, சென்ஸார் மட்டும் போதவில்லை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீ சாலையோரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து, "இதையும் நம்ப முடியலன்னா நான் எதைத்தான் நம்பறது" என்று அழுதாய். அத்தனை வாரமாக வராத அழுகை. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் உன் பக்கத்தில் அதே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளைச் சட்டையோடு.

வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய் என்று பயந்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "அம்மா, வேக்கூம் க்ளீனர் எங்க இருக்கு?" என்று கேட்டாய். வாசலில் வந்து விற்றவனிடம் ஏமாந்து நான் வாங்கிப் பரணில் போட்டிருந்த அந்த யானை. அதன் குழாயைக் காற்று ஊதும் பக்கத்தில் மாட்டி, புகைக்குழாயின் வாயில் வைத்துத் துணியால் சுற்றி அப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாய். நான் வாளியில் சோப்பு நுரை கரைத்தேன். நீ குனிந்து, இன்ஜினிலிருந்து வரும் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவிக்கொண்டே போனாய். தெருவே கூடிவிட்டது. கீழ் வீட்டு சர்தார்ஜி மாமா, "க்யா ஹோ ரஹா ஹை, காருக்குக் குளிப்பாட்டு விழாவா?" என்று, என்ன நடக்கிறது என்பதை இந்தியிலும் மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழிலுமாகக் கேட்டார். சென்ஸாருக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இணைப்பில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. "இங்க பாரு" என்று கத்தினாய். அந்த வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. சென்ஸார் பார்த்த ஆக்சிஜன் தெருவிலிருந்து வந்த ஆக்சிஜன். அது பொய் சொல்லவில்லை, தன் முன்னால் வந்ததைச் சொல்லியிருக்கிறது. வெல்டிங் கடைக்காரர் வந்து பார்த்து, "ஹோ ஜாயேகா", ஆகிவிடும் என்று சொல்லி அன்றைக்கே அடைத்துக் கொடுத்தார். அப்பா குழாயைப் பிடித்த கையோடு, முகமெல்லாம் கரியாக, "இப்ப நம்பலாமா?" என்று உன்னைக் கேட்டார். நீ சிரித்தாய். "நம்பலாம்ப்பா. ஆனா பிளக்கையும் பாக்கணும், அம்மா மூக்கையும் கேக்கணும்" என்றாய்.

அன்று சாயங்காலம் நானே சொன்னேன். "வண்டி சரியாயிட்டுல்லா. கர்னாலுக்குப் போவோம்." நீ வெல்டிங் வைத்த இடத்தையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். உன் மனதில் இருப்பதை நீ எனக்குச் சொன்னது உனக்குப் பாரம் குறைத்தது. ஆனால் அது எனக்குச் சேர வேண்டிய செய்தி இல்லை, சந்தீப்புக்குச் சேர வேண்டியது. கல்யாண வாழ்க்கையிலும் இதை மறந்துவிடாதே. நித்யாவிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்காதே.

அப்பா லீவு முடிந்து திரும்பிப் போயிருந்தார், அடுத்த ஞாயிறு நான்தான் ஓட்டினேன். நீ லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாய், ஆனால் அதைப் பார்க்கவில்லை. சந்தீப் வீட்டில் அவன் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் லஸ்ஸி கொடுத்தார். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் சந்தீப். முழங்காலுக்குக் கீழே வெளியிலேயே கம்பிகள் மாட்டியிருந்தார்கள். நீ அவன் எதிரில் நின்று, தயாரித்துக்கொண்டு வந்ததையெல்லாம் மறந்து, ஒரே மூச்சில் சொன்னாய். ஃபில்டர், ஜெட், காதால் கேட்டது. நீ முடித்ததும் இந்தியில் அவன் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "சென், எனக்கு அன்னிக்கே தெரியும். இன்ஜின் ஒரு மாதிரி கிறீச்சிட்டது, அடுத்த நொடி சக்கரம் பூட்டிக்கிச்சு. போலீஸ்கிட்ட மணல்னு சொன்னது நான்தான்."

ஏன் என்று நீ கேட்டது எனக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. "ஃபில்டர் வேணும்னு கேட்டது நான். முழு வேகத்துல இத்தனை தூரம் முறுக்கினது நான். நீ மட்டும் எதுக்கு மாட்டணும்? கால் வலியெல்லாம் பொறுத்துக்கிட்டேன். நீ வருவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன் பாரு, அதைத்தான் பொறுக்க முடியல. வந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்." அவன் கோபமாகத்தான் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். நீ கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாய். அவன் அம்மாவும் நானும் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அந்த அம்மாவுக்கும் அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. உன்னைத் திட்டுவாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். உனக்கும் சேர்த்துத்தான் பராட்டா போட்டார், உன் தட்டில் வெண்ணெயையும் வைத்தார், ஆனால் புறப்படும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனது ஆற அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆயிற்று. அது அவருக்கு உரிமையான கோபம். மன்னிப்பு கேட்டவுடனே எல்லோரும் மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதே, செந்தில்.

சாப்பிட்ட பிறகு சந்தீப் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்ததும், ஒரு சுற்றுப் போக வேண்டும் என்றான். முன் இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, அவன் காலைப் பூப்போல உள்ளே வைத்தோம். நீ ஓட்ட உட்கார்ந்தாய். எனக்குப் பின் இருக்கையில் முழங்காலை மடக்க மட்டும்தான் இடம். லேப்டாப்பை என் மடியில் வைத்தாய். கால்வாய்க்கரைச் சாலை, நேராக, காலியாக, இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள். என்னைப் போலவே நீ நாற்பதில் ஓட்டினாய். சந்தீப் கொஞ்ச தூரம் பொறுத்தான். பிறகு, "தேஸ் சலா" என்றான். வேகமாகப் போகச் சொல்கிறான். நீ மாட்டேன் என்றாய். "அன்னிக்கு அப்புறம் நான் எதுலயும் வேகமாப் போகல. பயமா இருக்கு. இப்படியே பயந்துகிட்டு இருக்க முடியாது. நீ ஓட்டினாத்தான் போவேன்" என்றான்.

உன் கை ஸ்டியரிங்கில் இறுகியது பின்னாலிருந்தே தெரிந்தது. முழுசாக மிதிக்கும்போதுதான் பெட்ரோல் போதாமல் போனால் ஆபத்து, அந்தக் கட்டங்களை மட்டும் நாம் இன்னும் ஓட்டிப் பார்க்கவே இல்லை, நீயாகக் கணக்குப் போட்டுப் பெட்ரோலைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். திரும்பாமலே கேட்டாய். "அம்மா, அந்த நம்பர மட்டும் பாக்கறியா? நான் மிதிச்சதும் புள்ளி எட்டுக்கு மேல போய் அங்கயே நிக்கணும். கொஞ்சம் எறங்கினாலும் கால எடுன்னு சொல்லு." நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். "ஓட்டுய்யா. நான் பாக்கேன்" என்றேன்.

நீ மிதித்தாய். நான் அதுவரை கேட்டறியாத ஒரு சத்தம் என் சின்ன வண்டியிலிருந்து வந்தது. முதுகு இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. மரங்கள் எப்படிப் போயின, சாலையில் என்ன வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்த எண் ஒன்றுதான் தெரிந்தது. புள்ளி எட்டைத் தாண்டி மேலே போய் நின்றது. "மேலதான் இருக்கு" என்றேன். கியர் மாற்றினாய், ஒரு கணம் துள்ளி மறுபடி ஏறியது. "மேலதான் இருக்குய்யா, மேலதான் இருக்கு." சந்தீப் ஏதோ கத்தினான். பிறகு அது சிரிப்பு என்று தெரிந்தது, பிறகு அழுகையும் அதில் கலந்திருந்தது. நீ மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஒரு மரத்தடியில் நிறுத்தினாய். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் அப்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீ "போதும்மா" என்று சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அவனும் நீயும் ஒன்றாகவே மூன்றாம் வருஷத்தைத் திரும்பப் படித்தீர்கள், அவன் ஊன்றுகோலோடும் நீ அவன் புத்தகப் பையோடும். இன்று நீ செய்யும் வேலையே இன்ஜின்களுக்குப் பெட்ரோல் அளவு வைப்பதுதான். நேற்று சந்தீப் போன் செய்து, மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றாமல் என்ன கல்யாணம், தானே குதிரை கொண்டுவருவதாக உன் அப்பாவை மிரட்டியிருக்கிறான். அவர் பயந்துபோய் இருக்கிறார். அவன் அம்மாவும் வருகிறார். உனக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னி வைத்திருப்பதாகச் சொன்னார்.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அன்றைக்கு அந்தக் கால்வாய்க்கரையில் நீ மிதித்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பயம் இருந்ததா, எப்போது அது போயிற்று, அவன் சிரித்தபோது நீயும் சிரித்தாயா, எதையும் நான் பார்க்கவில்லை. பெற்றவளாக இருந்தும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதைத்தான் என்னிடம் கேட்டாய், அதைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் தாலி கட்ட நீ குனியும்போது யாராவது என்னை அட்சதைத் தட்டைப் பிடி, குத்துவிளக்குத் திரியைத் தூண்டு, வந்தவர்களைக் கவனி என்று கூப்பிடுவார்கள். நான் எதற்கும் எழுந்து போகப் போவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து உன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா